மனித ஹீரோ தாங்கவே மாட்டேன் என்கிறான், வழி சொல்லுங்கள்

மக்களே, பெங்களூரு அல்சூரில் நண்பர்களோடு ஆட வார்கிராஃப்ட் 3 கணினி விளையாட்டுக்கு ஒரு மேப் (ஆட்டக்களம்) செய்கிறேன். ஆர்க், அன்டெட் இன ஹீரோக்கள் சரியாக நிற்கிறார்கள். மனித மந்திரவாதி மட்டும் 3ஆம் லெவலுக்குள், நாலு பேர் சூழ்ந்தாலே காலி. மருந்துப் புட்டியைத் தொடுவதற்குள் விழுந்துவிடுகிறான்.

ஒவ்வொரு லெவலுக்கும் ஏறும் ஸ்ட்ரெங்த் (வலிமை) புள்ளியைக் கூட்டினேன். ஒரு புள்ளிக்கு 25 உயிர் என்பதால், கடைசியில் யாராலும் அவனைச் சாய்க்க முடியவில்லை. அப்புறம் ஆர்மரை (கவசத்தை) 5-லிருந்து 10 ஆக்கினேன். அடி குறைவது 23 சதவீதத்திலிருந்து 37.5 ஆனது. ஆனால் மந்திர அடி ஆர்மரைக் கண்டுகொள்வதே இல்லை. அன்டெட் ஹீரோ லிச்சின் பனி மந்திரமான ஃப்ராஸ்ட் நோவா விழுந்தால் பழைய கதைதான்.

மனிதன் ஆர்க் மாதிரி தாங்கினால் ஆட்டத்தின் அழகே போய்விடும். பக்கத்தில் படை நின்றால் பிழைக்க வேண்டும், அவ்வளவுதான்.

உயிரையும் ஆர்மரையும் தொடாமல், முதல் 3 லெவலில் மட்டும் அவனைக் காப்பாற்ற எதை மாற்றலாம்?