ஆச்சி வீடு குழு: செல்வத்தின் புல்லட்

புனலூர் அத்தை: செல்வம் வண்டியோடு விழுந்துவிட்டான் என்று இங்கே ஒருத்தி சொல்லிவிட்டுப் போகிறாள். கல்யாணத்துக்கு ஆறு நாள்தான் இருக்கு. யாராவது வாயைத் திறங்கள்.

செல்வம்: விழவில்லை அத்தை. வண்டி நின்றது, அவ்வளவுதான்.

கண்ணன்: 13 கண் பாலத்தடியில் ஒரு மணி நேரம். படம் இருக்கு.

செல்வம்: போடாதே.

கண்ணன்: [படம்]

சித்தப்பா: பெட்ரோலில் தண்ணீர் கலந்திருக்கும். சாரல் நேரம்.

பெரியப்பா: பெட்ரோல் இல்லை தம்பி. நம்ம அப்பா கையில் இருந்தவரைக்கும் அந்த வண்டி ஒரு நாள் நின்றதுண்டா?

சித்தப்பா: ஆரம்பித்துவிட்டார்.

பெரியப்பா: பையன் சைலன்சரை மாற்றினான். ஏர் பில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு வெறும் கூம்பு பில்டர் மாட்டினான். இரண்டுமே காற்றுக்குக் கதவைத் திறந்துவிடுகிற வேலை. உள்ளே பெட்ரோலை அளந்துவிடுகிற ஜெட் மட்டும் பழையது. காற்று கூடிவிட்டது, பெட்ரோல் கூடவில்லை. இதுதான் லீன். இன்ஜின் சூடாகும், மேட்டில் திணறும், ஆக்சிலேட்டரை விட்டதும் சைலன்சரில் பட்பட்டென்று வெடிக்கும். கோட்டைவாசல் ஏற்றத்தில் முழுசாகத் திருகியிருப்பான். அது தாங்குமா?

மைனி: சமையல்காரருக்கு முன்பணம் யார் கொடுத்தது?

செல்வம்: வெடிச்சத்தம் நல்லாத்தான் இருந்தது பெரியப்பா.

கண்ணன்: ஊர்வலத்தில் வேட்டுச் செலவு மிச்சம்.

பெரியப்பா: சிரிக்காதே. முதலில் சைலன்சருக்குப் போகிற பெண்ட் பைப் இன்ஜினில் சேருகிற இடத்தில் கசிவு இருக்கா பார். அதனாலும் வெடிக்கும். கசிவு இல்லையென்றால், காற்றையும் பெட்ரோலையும் கலக்குகிற கார்புரேட்டர்தான். முழு ஆக்சிலேட்டரில் பேசுவது மெயின் ஜெட். 90 என்று எண் இருந்தால் அதைவிடப் பெரிய 95, 100 இரண்டையும் தென்காசியில் வாங்கி வா. பாதி ஆக்சிலேட்டரில், ஏறினால் பெட்ரோலைக் கூட்டுகிற ஊசி. ஆக்சிலேட்டர் திருகாமல் ஐடிலில் ஓடும்போது ஏர் ஸ்குரூ: முழுசாக உள்ளே திருகி, ஒன்றரைச் சுற்று வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்கு. உள்ளே போனால் பெட்ரோல் கூடும், வெளியே வந்தால் குறையும்.

செல்வம்: ஊசியை ஏற்கெனவே பார்த்துவிட்டேன். வீடியோவில் ஊசியை ஏற்று என்றார்கள். ஊசியைப் பிடித்திருக்கிற கிளிப்பை ஒரு வெட்டு மேலே மாற்றினேன்.

பெரியப்பா: ஏலே!

பெரியப்பா: கிளிப் மேலே போனால் ஊசி கீழே இறங்கும். பட்டினி கிடந்தவன் தட்டிலிருந்து இன்னும் ஒரு பிடி எடுத்திருக்கிறாய். கிளிப்பைக் கீழே இறக்கினால்தான் ஊசி ஏறும்.

கண்ணன்: 😂😂

புனலூர் அத்தை: அதெல்லாம் இருக்கட்டும். இந்தச் சைலன்சரோடு இங்கே கேரளத்துக்குள் வந்தால் வழியிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கண்ணன்: ஒரு மாற்றத்துக்கு 5,000 ரூபாய் அபராதம். சைலன்சர் ஒன்று, ஹேண்டில்பார் ஒன்று. முதல் மொய் 10,000.

சித்தப்பா: சட்டம் இந்தப் பக்கமும் அதேதான்.

புனலூர் அத்தை: இங்கே நிறுத்திப் பார்க்கிறார்கள் அண்ணே. ஆர்சி புத்தகம் யார் பெயரில் இருக்கு?

சித்தப்பா: அப்பா பெயரில்தான்.

பெரியப்பா: இன்னுமா?

சித்தப்பா: தோப்புப் பத்திரம் மட்டும் ஒரே வாரத்தில் மாறியது. இதற்கு யார் அலைவது?

மைனி: முன்பணம்??

ஆச்சி: [குரல் பதிவு 0:47]

கண்ணன்: ஆச்சி, மிக்சி சத்தம்தான் கேட்கிறது.

செல்வம்: [படம்] பெரியப்பா, ஸ்பார்க் பிளக் நிறம் பாருங்கள்.

புனலூர் அத்தை: கட்டன் சாயா மாதிரி இருக்கு.

கண்ணன்: எனக்குச் சுண்ணாம்பு மாதிரி தெரிகிறது.

பெரியப்பா: படத்தில் தெரியாது. முழு ஆக்சிலேட்டரில் கொஞ்ச தூரம் ஓட்டி, கிளட்சைப் பிடித்து அப்படியே அணைத்து, அங்கேயே கழற்றிப் பார்க்க வேண்டும். வெள்ளையென்றால் லீன், கரி படிந்தால் பெட்ரோல் அதிகம், காப்பி நிறம் என்றால் சரி.

கண்ணன்: எந்த வீட்டுக் காப்பி? மைனி போடுவதென்றால் எப்பவும் லீன்தான்.

மைனி: நாளைக்கு உனக்கு அதுவும் கிடையாது.

பெரியப்பா: செல்வம், பில்டர் பெட்டி எங்கே?

செல்வம்: கட்டிலுக்கு அடியில்.

பெரியப்பா: நல்லது. கூம்பு பில்டர் சாரலில் தண்ணீர் குடிக்கும். பெட்டியை மாட்டு, கிளிப்பைப் பழைய வெட்டுக்கே இறக்கு, பழைய சைலன்சரைப் போடு. ஜெட்டே வாங்க வேண்டாம்.

சித்தப்பா: பழைய சைலன்சர் எங்கே இருக்கு? பழைய இரும்புக் கடைக்குப் போய் ஒரு வருஷம் ஆச்சு.

பெரியப்பா: போனது. மறுநாளே எடைக்குக் காசு கொடுத்து நான் வாங்கிவந்தேன். என் வீட்டுப் பரணில் கிடக்கு.

புனலூர் அத்தை: அண்ணே 🙏

கண்ணன்: ...

செல்வம்: சாயங்காலம் வரட்டுமா பெரியப்பா?

பெரியப்பா: வா. உன் அப்பனையும் கூட்டிவா. பரணில் ஏற எனக்கு முட்டி ஒத்துழைக்காது.

புனலூர் அத்தை: அப்போ மாப்பிள்ளை வண்டியிலா, வேனிலா? பெண் வீட்டில் கேட்கிறார்கள்.

சித்தப்பா: ஞாயிற்றுக்கிழமை போகட்டும், பார்ப்போம்.

புனலூர் அத்தை: ஞாயிற்றுக்கிழமைதானே கல்யாணம்!