உயிர்ப்பு மடலுக்கு எந்த அட்டைப்படம்? ஒரு யோசனை சொல்லுங்கள்

ரங்கூன் மடல்காரி:

எல்லாருக்கும் வணக்கம். ரங்கூனில் எங்கள் பங்கின் தமிழ் மடலை ஆறு வருடமாக நான்தான் தொகுக்கிறேன். ஏ5 அளவு, 24 பக்கம், 200 படி. உள்ளே கறுப்பு வெள்ளை, அட்டைக்கு மட்டும் கலர். படிக்கத் தெரியாத பிள்ளைகளும் அட்டையைப் பார்ப்பார்கள் என்பதால் அந்த ஒரு படத்துக்காக ஒரு வாரம் அலைவேன்.

இந்த வருடம் உயிர்ப்புப் பெருவிழா, அதாவது ஈஸ்டர், ஏப்ரல் 5. முந்தின ராத்திரிப் பூசையான பாஸ்கா திருவிழிப்பு முடிந்து ஜனங்கள் வெளியே வரும்போது மடலைக் கையில் கொடுத்துவிட வேண்டும். இப்போது என்னிடம் இரண்டு படம் இருக்கிறது.

ஒன்று இணையத்தில் எடுத்தது. திறந்த கல்லறை, உருட்டி வைத்த கல், பனி மூட்டம், முன்னால் வெள்ளை லில்லி. பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் புல்தரையையும் பனியையும் எங்கள் ஜனங்கள் யாரும் கண்டதில்லை.

இன்னொன்று நானே போனில் எடுத்தது. போன வருடம் ஈஸ்டருக்கு முந்தின குருத்து ஞாயிறும், பர்மியப் புதுவருடத் தண்ணீர்த் திருவிழாவான திஞ்சான் தொடக்கமும் ஒரே நாளில் வந்தன, ஏப்ரல் 13. மியான்மரின் பெரிய நிலநடுக்கம் நடந்து பதினாறு நாள்தான் ஆகியிருந்தது, எங்கள் தெருவில் பாட்டுச் சத்தமே இல்லை. முந்தின ராத்திரி ஒரு மழை. காலையில் கோயில் வளாகத்து படௌக் மரம் முழுக்க மஞ்சளாகப் பூத்து நின்றது. மரத்தடிப் படியில் எங்கள் அன்பியத்து (பங்கின் அக்கம்பக்கக் குழு) ஆயா ஒருவர் உட்கார்ந்து குருத்தோலைச் சிலுவை மடித்துக்கொண்டிருந்தார். கன்னத்தில் தனக்கா மரப்பட்டைச் சாந்து, கொண்டையில் ஒரு கொத்து படௌக். ஓலை நுனியைப் பல்லால் கிழித்து, நாலு மடிப்பு மடித்து, மிச்ச நுனியை உள்ளே செருகி இழுப்பார். இழுக்கும்போது கட்டைவிரல் வெளுத்துப் போகும். அந்த நொடியில் எடுத்த படம்.

பங்குப் பேரவையில் மூத்தவர் ஒருவர் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு மறைக்கல்வி சொல்லிக் கொடுத்தவர், அவர் பேச்சைத் தட்டுவது எனக்குக் கஷ்டம். "படௌக் பௌத்தர்களின் புதுவருடப் பூ. உயிர்ப்புக்கு லில்லிதான் முறை. அதோடு இது குருத்து ஞாயிற்றுப் படம்" என்கிறார். ஃபாதர், "நீயே முடிவு பண்ணும்மா" என்று சொல்லிவிட்டார். நீங்கள் என்ன செய்வீர்கள்?

தான்லியின் பெரியவர்:

தங்கச்சி, படௌக் மண்ணின் பூ. நம் ஊர் வேங்கைக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் ஒரே இனத்து மரம். வேங்கையை முருகனோடு சேர்த்துப் பாடியிருக்கிறார்கள். மல்லிகையும் செவ்வந்தியும் கோயிலுக்குக் கோயில் போகத்தானே செய்கின்றன? மாதா சுரூபத்துக்கு நாம் போடும் மாலை எந்த மதத்துப் பூ என்று யாரும் கேட்பதில்லை. லில்லிகூட மேல்நாட்டு வழக்கமாக வந்ததுதான். நமக்கு ஏப்ரலில் பூப்பது படௌக்.

ஆனால் மூத்தவர் சொன்ன இரண்டாவது காரணத்தை லேசாக விடாதே. குருத்து ஞாயிறு வேறு, உயிர்ப்பு வேறு. அட்டையில் ஓலை பெரிதாகத் தெரிந்தால் பார்க்கிறவர்கள் குழம்புவார்கள். பூ முன்னால் தெரிகிற மாதிரி வெட்ட முடியுமா பார்.

எங்கள் ஊரில் 18-ஆம் நூற்றாண்டில் பர்னபைட் என்ற கத்தோலிக்க சபைத் துறவிகள் கட்டிய கோயிலின் சுவர் இடிந்து நிற்கிறது, தெரிந்திருக்கும். ஒரு சமயம் எங்கள் மடலுக்கு அந்தச் சுவரைத்தான் போட்டோம், செங்கல் இடுக்கில் முளைத்த அரசங்கன்றோடு. அதைப் பத்திரமாக வைத்திருக்கிற வீடுகள் இன்னும் உண்டு. பக்கத்தில் இருக்கிறதைப் போட்டால் ஜனங்கள் எடுத்து வைப்பார்கள்.

அச்சுத் தம்பி:

அக்கா, நான் அச்சு வேலை பார்க்கிறவன், அந்தப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

இணையப் படத்தின் அளவு முதலில் பாருங்கள். ஏ5-க்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 1748-க்கு 2480 புள்ளி வேண்டும். வெட்டுக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் விட்டால் 1819-க்கு 2551. தேடலில் வருகிற சின்னப் படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் அச்சில் கலங்கிவிடும். இன்னொன்று, அது யார் எடுத்த படம்? 2019-இல் வந்த பதிப்புரிமைச் சட்டம் 2023 அக்டோபர் 31 முதல் இங்கே நடைமுறையில் இருக்கிறது. கோயில் மடல்தானே என்று எடுத்துப் போட முடியாது.

உங்கள் படத்தை வைபரில் சாதாரணமாக அனுப்பாதீர்கள், சுருக்கிவிடும். ஃபைலாக அனுப்புங்கள், இல்லை பென் டிரைவில் கொடுங்கள். மடலின் பெயர் வர மேலே கால் பங்கு வெறும் வானமாகவோ சுவராகவோ இருக்கட்டும். பூ மேலே எழுத்தை ஏற்றினால் இரண்டும் கெடும்.

முக்கியமான விஷயம் எழுத்து. இங்குள்ள கடைகளில் தமிழ் எழுத்துரு இருக்காது, பெயர் கட்டம் கட்டமாக வந்துவிடும். பர்மிய எழுத்தும் போடுவதாக இருந்தால் சில இடத்தில் இன்னும் யூனிகோடு அல்லாத பழைய ஸாஜி எழுத்துருதான், அதுவும் கலையும். எழுத்தை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வரைவடிவமாக, மாற்றி பிடிஎஃப் ஆக்கிக் கொடுங்கள்.

மௌல்மெயின் டீச்சர்:

அக்கா, எனக்கு உங்கள் படம்தான் பிடிக்கிறது. ஒரே ஒரு கேள்வி. ஆயாவிடம் கேட்டீர்களா?

எங்கள் மடலில் முன்பெல்லாம் பாடகர் குழு, இளையோர் என்று முகம் முகமாகப் போடுவோம். இப்போது பதினெட்டு தாண்டிய பிள்ளைகள் இருக்கிற வீட்டார் படமே வேண்டாம் என்கிறார்கள், ராணுவ ஆள்சேர்ப்புப் பயம், உங்களுக்கே தெரியும். மடல் கோயிலோடு நிற்பதில்லை, யாராவது போனில் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அதனால் நாங்கள் கை, விளக்கு, பூ, முதுகுப் பக்கம் என்று மாறிவிட்டோம். சின்னப் பிள்ளைகள் என்றால் அம்மா அப்பாவிடம் கேட்காமல் போடுவதே இல்லை. பெரியவர்களிடமும் அப்படியே கேட்பது நல்லது.

ரங்கூன் மடல்காரி:

டீச்சர் கேட்டதும் சுருக்கென்றது. நான் ஆயாவிடம் கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் வீட்டுக்குப் போய்ப் படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "முகம் வேண்டாம்மா, கையைப் போடு" என்றார். அப்புறம் போன் திரையில் அந்தச் சிலுவையைத் தொட்டு, "இது நம்ம நெத்திக்கு வந்தாச்சே" என்றார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. போன வருடத்து ஓலைச் சிலுவைகளை வீடு வீடாக வாங்கி எரித்த சாம்பலைத்தான் பிப்ரவரி 18, சாம்பல் புதனன்று எல்லார் நெற்றியிலும் பூசினார்கள். ஆயா தன் வாசல் நிலையில் ஒரு வருடம் செருகி வைத்திருந்ததைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். படத்தில் பச்சையாக இருக்கிற சிலுவை ஈஸ்டருக்கு முந்தைய நோன்பான தவக்காலம் தொடங்கிய அன்றே சாம்பலாகிவிட்டது. இதை மூத்தவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சரி, இந்த விவரத்தை உள்ளட்டையில் நாலு வரி எழுதிவிடு, அப்போ குழப்பம் வராது" என்றார். பூவைப் பற்றி மறுபடி ஒன்றும் சொல்லவில்லை.

முகத்தை விட்டு வெட்டிவிட்டேன். கை, சிலுவை, படியில் உதிர்ந்த படௌக், மேலே கோயிலின் வெள்ளைச் சுவர். பெரியவரே, பூ முன்னால்தான் வருகிறது. தம்பி, வெட்டிய பிறகும் 1900-க்கு 2665 புள்ளி இருக்கிறது. பெயரைத் தமிழிலும் பர்மியத்திலும் அந்தச் சுவர் மேல் வைத்திருக்கிறேன். நாளைக் காலை கரண்ட் இருக்கிற நேரத்தில் பிடிஎஃப் எடுத்துப் பென் டிரைவில் கடைக்குக் கொண்டுபோகிறேன். முதல் படி ஆயாவுக்கு.