மறு: ‘தோலூறல்’ என்ற சொல் நெபியோலோவுக்குப் பொருந்துமா?

> திராட்சைத் தோலைச் சாற்றிலேயே ஊறவிடும் கட்டத்திற்குத் ‘தோலூறல்’ என்று பெயர் வைக்கலாம். சிவப்பு வைனின் நிறம் தோலிலிருந்துதானே வருகிறது?

அன்புள்ள ஐயா, குழுவினருக்கு வணக்கம்.

நிறத்தை மட்டும் கருதினால் உங்கள் சொல் சரிதான். நெபியோலோ என்ற சிவப்பு வைன் திராட்சையிடம் வந்தால் அது தடுமாறுகிறது. பரோலோ, பார்பரெஸ்கோ என்ற இத்தாலிய வைன்கள் இரண்டுமே இந்த ஒரே திராட்சையில் செய்யப்படுபவை என்பதால் இதை ஒதுக்கிவிட்டுக் கலைச்சொல் ஆக்க முடியாது.

வடமேற்கு இத்தாலியில், பியட்மாண்ட்டின் லாங்கே குன்றுகளில் விளையும் இனம் இது. சீக்கிரம் துளிர்க்கும், ஆனால் பார்பேரா, தோல்செத்தோ போன்ற மற்றத் திராட்சைகளை எல்லாம் பறித்து முடிந்த பின், பெரும்பாலும் அக்டோபரில்தான் பழுக்கும். தோல் மெல்லியது, நிறமி குறைவு. கோப்பையில் வெளிறிய சிவப்பு. சில ஆண்டுகளில் ஓரம் செங்கல் நிறமாகிவிடும். அந்த வெளிறலை நம்பி ஒரு வாய் குடித்தால், கடுக்காயைக் கடித்ததுபோல் ஈறுகள் இழுத்துக்கொள்ளும். நிறமும் துவர்ப்பும் வெவ்வேறு என்பதை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறொரு திராட்சையை நான் அறியேன்.

நிறமி நீரில் கரைவது. நொதித்தலின் முதல் சில நாள்களிலேயே இறங்கிவிடும். விதையிலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் கரைய ஆல்கஹால் ஏற வேண்டும், நாளும் ஆக வேண்டும். பழைய முறையில் பரோலோ செய்தவர்கள் ஒரு மாதம், சிலர் அதற்கு மேலும் ஊறவிட்டார்கள். அந்தத் துவர்ப்பு தணியப் பெரிய மரப்பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைத்தார்கள். இன்றும் பரோலோ குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில். 1980களில் இளைய தலைமுறையினர் சிலர் ஊறும் காலத்தைச் சில நாள்களாகச் சுருக்கி, சிறிய புதிய ஓக் பீப்பாய்களுக்கு மாறியபோது ஊரே இரண்டுபட்டது. விதையை மறைக்கும் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு அந்தப் பிணக்கைத் தமிழில் எப்படி விளக்குவது?

‘ஊறல்’ என்பதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ‘சாராய ஊறல் அழிப்பு’ என்று நாளிதழ்கள் எழுதும்போது அது பானையில் கிடக்கும் பொருளைக் குறிக்கிறது. நமக்கு வேண்டியது செயலின் பெயர். வருகை, செய்கை போல ‘ஊறுகை’ என்று வைப்போம். நொதிக்கும் முன் குளிரில் வைப்பது ‘குளிரூறுகை’. நொதித்து முடிந்த பிறகும் தொடர்வது ‘நீளூறுகை’. மிதக்கும் தோலைப் பலகையால் அழுத்தி மூழ்கடிக்கும் பழைய பியட்மாண்ட் முறை ‘அமிழூறுகை’.

---

> நொதித்து முடிந்த பிறகும் தொடர்வது ‘நீளூறுகை’

விதையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி, ‘ஊறுகை’யை ஏற்கிறேன். ‘நீளூறுகை’யை விட, நெட்டுயிர்ப்பு போல ‘நெட்டூறுகை’ நன்றாக ஒலிக்கும். இன்னொன்று பாக்கி: நொதிக்கும்போது வாயு தூக்கி மேலே கொண்டுவரும் தோல்திரளை என்னவென்று சொல்வது? இத்தாலியர் அதைத் ‘தொப்பி’ என்கிறார்கள். நான் ‘மேற்சக்கை’ என்பேன். மாற்று இருந்தால் எழுதுங்கள்.