ஆறு வற்றினால் ஆழமாக வெட்டினால் என்ன, ரீச்சர்?

பரந்தன் ரீச்சர்:

வணக்கம். கிளிநொச்சிப் பக்கம் ஒரு பாடசாலையில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் புவியியல் படிப்பிக்கிறேன். போன கிழமை பல நாடுகளுக்கூடாக ஓடும் ஆறுகளில் கப்பல் போக்குவரத்து என்ற பகுதிக்கு வந்தோம். எங்கள் நாட்டில் மகாவலி தொடக்கம் கனகராயன் ஆறு வரை எல்லாமே உள்ளே பிறந்து உள்ளேயே கடலில் விழுகிறவை. அதனால் ஒரே ஆறு இத்தனை நாடுகளுக்குச் சொந்தம் என்பதே பிள்ளைகளுக்குப் புதிதாக இருந்தது. ஐரோப்பாவின் றைன் நதியில் தண்ணீர் குறைந்தால் கப்பல்கள் பாதிச் சுமையோடுதான் போகும் என்று சொன்னேன். உடனே பின்வாங்கில் இருந்த ஒருவன் எழும்பி, "அப்ப ஆழமா வெட்டிவிட்டால் என்ன ரீச்சர்? இங்கை குளத்திலை தூர் எடுக்கிற மாதிரி" என்று கேட்டான்.

நல்ல கேள்வி. செலவு கூட, நாடுகள் ஒத்துவர வேண்டும் என்று ஏதோ சொன்னேன், ஆனால் அது பதிலாக எனக்கே படவில்லை. அவ்வளவு காசும் இயந்திரமும் உள்ள நாடுகள் ஏன் வெட்டிவிடவில்லை? வெட்டுவதென்றால் யாருடைய காசு, யாருடைய முடிவு? ஒரு நாடு தன் எல்லைக்குள் வெட்டுவதற்கு அடுத்த நாட்டை ஏன் கேட்க வேண்டும்? எங்கள் ஆட்கள் நிறையப் பேர் றைன் கரை ஊர்களில்தான் இருக்கிறீர்கள், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். பாடப்புத்தகத்தில் உள்ளது என்னிடம் இருக்கிறது. பிள்ளைகளுக்குப் பிடிபடுகிற மாதிரி வேண்டும்.

மாங்குளத்தான், பாசல்:

ரீச்சர், நான் மாங்குளம். 20 வருடத்துக்கு மேலாக சுவிஸில், பாசல் துறைமுகத்தில் சரக்கு இறக்குகிற இடத்தில் வேலை. கடல் இல்லாத நாட்டில் துறைமுகமா என்று ஊரில் கேட்பார்கள். சுவிஸுக்குள் வருகிற இறக்குமதியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு இந்த ஆற்றால்தான் வருகிறது.

கப்பல் என்றதும் பிள்ளைகள் கடல் கப்பலை நினைப்பார்கள். இவை தட்டையான, நீளமான சரக்குக் கப்பல்கள். வழக்கமான பெரிய கப்பல் ஒன்று 110 மீற்றர் நீளம், 11.4 மீற்றர் அகலம் இருக்கும். அது தண்ணீருக்குள் இன்னும் 10 சென்ரிமீற்றர் தாழலாம் என்றால் 100 தொன்னுக்கு மேல் கூடுதலாக ஏற்றலாம். நீளம், அகலம், 10 சென்ரிமீற்றர் மூன்றையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள், பிள்ளைகளே கண்டுபிடிப்பார்கள். அதனால் இங்கே ஒரு சாண் தண்ணீருக்கு இருக்கிற மதிப்பு வேறு.

இனி உங்கள் மாணவனின் கேள்வி. நாங்கள் எவ்வளவு ஏற்றலாம் என்பதைத் தீர்மானிப்பது பாசல் தண்ணீர் இல்லை. இங்கிருந்து சுமார் 380 கிலோமீற்றர் கீழே, ஜேர்மனிக்குள், கவுப் என்று ஒரு சின்ன ஊர். அந்தப் பகுதியில் மலைகளுக்கு நடுவே ஆறு பாறைமேல் ஓடுகிறது. ஆழம் ஆகக் குறைந்த இடங்களில் அது ஒன்று, அங்கே தட்டாமல் போனால் மற்ற இடத்திலும் போகலாம். காலையில் எழும்பினால் கப்பற்காரர் முதலில் பார்ப்பது கவுப் நீர்மானியைத்தான். ஒன்று கவனிக்க வேண்டும், மானி காட்டுகிற எண் ஆற்றின் ஆழம் இல்லை, குறித்து வைத்த ஒரு மட்டத்துக்கு மேலே தண்ணீர் நிற்கிற உயரம். மானியில் 40 சென்ரிமீற்றர் என்றால் கப்பற்பாதையில் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர் இருக்கும். செய்தியில் 40 என்று பார்த்துவிட்டு ஆறு முழங்காலளவு என்று நினைக்கிற ஆட்கள் இருக்கிறார்கள்.

2018 ஒக்ரோபரில் அந்த மானி 25 வரை இறங்கியது. எங்களிடம் வந்த கப்பல்கள் மூன்றிலொரு பங்குகூட ஏற்றாமல் வந்தன. ஒரு கப்பல் சாமானுக்கு மூன்று நாலு கப்பல் தேவைப்பட்டால் கூலி என்னவாகும்? தண்ணீர் குறைந்தால் தனியாக ஒரு மேலதிகக் கட்டணமும் உண்டு. அந்த வருடம் சுவிஸ் அரசு அவசரத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த எரிபொருளைத் திறந்துவிட்டது. 2022 ஓகஸ்ட்டிலும் கிட்டத்தட்ட அதே கதை.

வெட்டும் திட்டம் இல்லாமல் இல்லை. மைன்ஸ் பக்கமிருந்து சங்க்ட் கோர் வரை சுமார் 50 கிலோமீற்றரில் கப்பற்பாதையின் உறுதி ஆழம், அதாவது மிகவும் வறண்ட நாட்கள் தவிர மற்ற நாளெல்லாம் இருக்க வேண்டிய ஆழம், 1.90 மீற்றர், அதற்கு மேலேயும் கீழேயும் 2.10. அந்த 20 சென்ரிமீற்றரைச் சரிசெய்ய ஜேர்மனி பல வருடமாகத் திட்டம் போடுகிறது. 20 சென்ரிமீற்றருக்கு இத்தனை வருடமா என்று நானும் கோபப்பட்டிருக்கிறேன். ஆனால் அந்தப் பள்ளத்தாக்கு உலக மரபுரிமை இடம், மீன் முட்டையிடும் இடங்கள் உண்டு, பாறையை எடுத்தால் ஆற்றின் மேற்பக்கத்தில் தண்ணீர் என்னவாகும் என்ற கணக்கும் உண்டு. அதை யாராவது நீர்ப்பாசனம் தெரிந்தவர் சொன்னால் நல்லது.

யார் காசு என்று கேட்டீர்கள். முந்திக் காலத்தில் ஆற்றங்கரைச் சிற்றரசர் எல்லாரும் தங்கள் தங்கள் துண்டில் கப்பலை மறித்துச் சுங்கம் வாங்கினார்கள். கவுப்பில் ஆற்றின் நடுவிலேயே ஒரு கோட்டை இன்னும் நிற்கிறது, சுங்கம் அறவிடவே கட்டியது. 1815 இல் வியன்னா மாநாட்டில் றைனுக்கென ஒரு ஆணைக்குழு அமைக்க முடிவாகி, 1816 இல் அது மைன்ஸில் முதல்முறை கூடியது. 1868 இல் மன்ஹைம் உடன்படிக்கை. ஆற்றில் ஓடுவதற்காக மட்டும் எந்தக் கப்பலிடமும் கட்டணம் வாங்கக் கூடாது, தன் எல்லைக்குள் உள்ள கப்பற்பாதையை ஒவ்வொரு நாடும் தன் செலவிலேயே நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும். இந்த இரண்டும் அதில்தான் இருக்கின்றன, இன்றைக்கும் அதுதான் சட்டம். இப்போது சுவிஸ், பிரான்ஸ், ஜேர்மனி, நெதர்லாந்து, பெல்ஜியம் ஐந்தும் உறுப்பினர், அலுவலகம் ஸ்ட்ராஸ்பூர்க்கில். பெல்ஜியத்துக்கு றைன் கரையே இல்லை, ஆனாலும் மேசையில் இருக்கிறது. பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

அலைகரை:

நான் நெடுங்கேணிப் பக்கம். நீர்ப்பாசன வேலையில் இருந்து ஓய்வுபெற்றவன். தம்பி கேட்டதற்கு என்னால் முடிந்த பதில்.

பிள்ளை குளத்தையும் ஆற்றையும் ஒன்றாக நினைக்கிறான், அதில்தான் விசயம் இருக்கிறது. குளத்தில் தூர் எடுத்தால் தண்ணீர் கூடுதலாக நிற்கும், ஏனென்றால் முன்னால் கட்டு இருக்கிறது. ஓடுகிற ஆற்றில் கட்டு எது? அடியில் குறுக்கே கிடக்கிற அந்தப் பாறைப் படிதான். கப்பலுக்குத் தடையாக இருப்பதும் அதுதான், மேலே தண்ணீரைத் தாங்கிப் பிடித்திருப்பதும் அதுதான். குளத்து வானை, மிச்சத் தண்ணீர் வழிந்தோடுகிற அந்த இடத்தை, ஒரு அடி இறக்கிவிட்டால் குளம் ஆழமாகுமா, வற்றுமா என்று அவனிடம் கேளுங்கள் ரீச்சர், எங்கள் ஊர்ப் பிள்ளைக்கு உடனே விளங்கும். பாறையை மட்டும் எடுத்தால் அந்த இடம் ஆழமாகும், மேலே நீர்மட்டம் இறங்கும், போன வருடம் வரை பிரச்சினையில்லாத இன்னொரு இடத்தில் கப்பல் தட்டும். அதனால்தான் எடுக்கிற இடத்திலேயே கரையோரம் கல்லணைகள் நீட்டி, ஆற்றை நடுவுக்கு ஒடுக்கி, மட்டத்தைப் பிடித்து வைக்கப் பார்க்கிறார்கள்.

ஐரோப்பாவின் இன்னொரு பெரிய ஆறான தானூபில் இப்படி ஒன்று நடந்தது. இரும்பு வாயில் என்ற மலை இடுக்கில் பாறைகளைத் தவிர்க்க ஒரு கால்வாய் வெட்டி 1896 இல் பெரிய விழாவோடு திறந்தார்கள். ஆழம் கிடைத்தது, ஆனால் தண்ணீர் அவ்வளவு வேகமாக ஓடியதால் எதிர்த்து வரும் கப்பல்கள் ஏற முடியவில்லை. பிறகு கரையில் தண்டவாளம் போட்டு ரயில் எஞ்சினால் கட்டி இழுத்தார்கள். 1972 இல் யூகோஸ்லாவியாவும் ருமேனியாவும் சேர்ந்து அணை கட்டித்தான் அந்த இடம் அடங்கியது, அதிலும் மக்கள் வாழ்ந்த ஒரு தீவு தண்ணீருக்குள் போனது.

றைனிலேயே 1817 இல் துல்லா என்ற பொறியியலாளர் வளைவுகளை வெட்டி ஆற்றை நேராக்கத் தொடங்கினார். நோக்கம் வெள்ளத்தைத் தடுப்பது, நிலத்தை மீட்பது. பாசலுக்கும் வோர்ம்ஸுக்கும் இடையில் ஆறு சுமார் 80 கிலோமீற்றர் குறுகியது. வெள்ளமும் காய்ச்சலும் குறைந்தன, அதை மறுக்க முடியாது. ஆனால் வேகமான தண்ணீர் அடியை அரித்து ஆற்றைக் கீழே இறக்கியது, கிணற்று மட்டம் இறங்கியது, கரையோர ஈரநிலம் காய்ந்தது, இஸ்டைன் என்ற இடத்தில் மண்ணுக்குள் கிடந்த பாறை வெளியே வந்து கப்பலுக்கே தடையானது. பிறகு பிரான்ஸ் பக்கம் கால்வாய் வெட்டி, 1932 இல் கெம்ப்ஸ் தொடங்கி 1977 இல் இஃப்பெற்ஸ்ஹைம் வரை பத்து அணைகள். ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கமும் கதவுள்ள பெரிய தொட்டி, அதில் கப்பலை ஏற்றி இறக்குவார்கள். கடைசி அணைக்குக் கீழேயும் அரிப்பு நிற்கவில்லை, 1978 இலிருந்து கப்பலில் கிரவல் கொண்டுவந்து ஆற்றுக்குள் கொட்டிக்கொண்டே இருக்கிறார்கள். ஒருமுறை வெட்டிய ஆற்றுக்கு 200 வருடம் கழித்தும் மண் போட வேண்டியிருக்கிறது.

தொடுவாய்:

நான் முல்லைத்தீவு, வட்டுவாகல் பக்கம் தொழில். ஐயா எழுதியதை வாசிக்க எங்கள் தொடுவாய்தான், களப்பு கடலோடு சேருகிற இடம், ஞாபகம் வந்தது.

மாரியில் நந்திக்கடல் களப்பு நிரம்பி வரும், வாயில் மணல் மூடியிருக்கும். வற்றாப்பளைப் பக்கத்து வயற்காரர் வெள்ளாமை தாழுது, வெட்டுங்கோ என்பார்கள். நாங்கள் பொறுக்கச் சொல்லுவோம். இறால் இன்னும் குஞ்சு, இப்போது திறந்தால் முழுவதும் கடலுக்கு ஓடிவிடும். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருக்கிறது. ஒரு வருடம் யாரோ இரவோடிரவாக வெட்டிவிட்டார்கள். நாலைந்து மண்வெட்டி போதும், ஒரு முழ அகலத்துக்கு வெட்டினால் மிச்சத்தைத் தண்ணீரே அறுத்துக்கொண்டு போகும், விடியும்போது வள்ளம் போகிற அகலம் வந்துவிட்டது. வயல் தப்பியது. எங்களுக்கு அந்த வருடம் இறால் இல்லை, களப்பு சீக்கிரமே வற்றியதால் வள்ளத்தைச் சேற்றில் தள்ளிக்கொண்டுதான் போனோம். என்ரை மூத்தவளுக்குப் பள்ளிச் சப்பாத்து வாங்க நான் கடன் பட்டது அந்த வருடம்தான், அதனால் மறக்கவில்லை.

ஒரு களப்புக்கு, ஒரே மாவட்டத்துக்குள், ஒரே மொழி பேசுகிற எங்களுக்கு இவ்வளவு சண்டை. ஆனால் திகதி குறித்து இரண்டு சங்கமும் வந்து நின்று வெட்டின வருடங்களும் உண்டு, அப்போது இரண்டு பக்கமும் ஓரளவு தப்பினோம். ரீச்சர் கேட்டீர்களே, தன் எல்லைக்குள் வெட்ட அடுத்தவனை ஏன் கேட்க வேண்டும் என்று. வெட்டுகிறது என் பக்கத்தில், தண்ணீர் போகிறது அவன்ரை பக்கத்திலிருந்து. அதுதான்.

ஓமந்தை வாசகன்:

எல்லோரும் ஐரோப்பாவைச் சொல்கிறீர்கள், ஆசியாவின் மீகொங் ஆற்றையும் பாடத்தில் சேருங்கள் ரீச்சர். 2000 இல் சீனா, லாவோஸ், மியன்மார், தாய்லாந்து நாலும் மேல் மீகொங்கில் வர்த்தகக் கப்பல் விட ஒப்பந்தம் செய்து, பாறைகளை வெடி வைத்துத் தகர்க்கத் தொடங்கின. தாய்லாந்துக்கும் லாவோசுக்கும் எல்லையாக ஓடும் சியாங் கொங் பக்கத்துக்கு வந்தபோது அந்த ஊர் மக்கள் விடவில்லை. அந்தப் பாறை இடுக்குகளில்தான் மீன் பெருகுகிறது, மனிதனைவிடப் பெரிதாக வளரும் மீகொங் கெளிறும் அந்தப் பக்கத்தில்தான். இன்னொரு பிரச்சினை, எல்லைக்கோடு ஆற்றின் ஆழமான ஓடையோடு போகிறது. ஓடை இடம் மாறினால் எல்லை எங்கே என்ற கேள்வி வரும். 2020 பெப்ரவரியில் தாய்லாந்து அமைச்சரவை தன் பக்கத்தில் அந்தத் திட்டத்தையே நிறுத்தியது. என் கருத்தில் அது சரியான முடிவு. கப்பல் வசதி யாருக்கு, மீன் யாருடையது என்று பார்த்தால் இழப்பவர்களிடம் முதலில் கேட்கவே இல்லை.

மாங்குளத்தான், பாசல்:

ஓமந்தைத் தம்பி சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கப்பல் வேண்டாம் என்று முடிக்கவும் மனமில்லை, இந்த ஒரு கப்பல் சுமையை லொறியில் ஏற்றினால் நூற்றுக்கு மேல் லொறி வேண்டும், அந்தப் புகை எங்கே போகும்? வேறு வழியும் இருக்கிறது. 2018 இல் அடிபட்ட பிறகு ஜேர்மனியின் பெரிய இரசாயனக் கம்பனி ஒன்று ஆற்றை விட்டுவிட்டுக் கப்பலை மாற்றியது. 135 மீற்றர் நீளம், 17.5 மீற்றர் அகலம், மிகவும் தட்டை. 2023 இல் ஓடத் தொடங்கியது. கவுப் மானி 30 காட்டினாலும் 800 தொன் ஏற்றிக்கொண்டு போகும் என்றுதான் கட்டினார்கள்.

பரந்தன் ரீச்சர்:

எல்லோருக்கும் நன்றி. வான் உதாரணத்தோடுதான் பாடத்தைத் திரும்பத் தொடங்கப் போகிறேன், ஐயா. கேள்வி கேட்டவனிடம் இன்று காலை வானை இறக்கினால் என்ன நடக்கும் என்று மட்டும் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அப்ப ரீச்சர், பாறையை எடுக்கிற அன்றைக்கே வேறை ஏதாவது வைக்கோணும்" என்றான். மாங்குளத்து அண்ணா, கவுப் மானியின் படம் ஒன்று கிடைக்குமா, நடு ஆற்றுக் கோட்டையும் தெரிகிற மாதிரி? தொடுவாய் அண்ணா, ஒருநாள் வகுப்புக்கு வந்து தொடுவாய் வெட்டுகிற கதையைப் பிள்ளைகளுக்கு நேரே சொல்ல முடியுமா? பஸ் காசு நான் தருகிறேன்.

தொடுவாய்:

பஸ் காசு வேண்டாம் ரீச்சர், மோட்டார் சைக்கிளில் வருவேன். விடிய வலை எடுத்துவிட்டு வந்தால் பத்தரைக்கு உங்கள் பள்ளிக்கூடத்தில் நிற்பேன். புதன் என்றால் எனக்கு வசதி. ஒரு வாளி மணலும் கொஞ்சம் தண்ணீரும் மட்டும் எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, வெட்டியே காட்டுகிறேன்.