ஒரு பல்கலைக்கழகத்துக்குச் சமகாலக் கலை அருங்காட்சியகம் எதற்கு?

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கலை வரலாறு பயிலும் முதுகலை மாணவி. பிரேசிலின் சாவோ பாவ்லோ பல்கலைக்கழகச் சமகாலக் கலை அருங்காட்சியகத்தைப் பற்றிக் கட்டுரை எழுதவிருக்கிறேன். மோடிலியானி, பிக்காசோ, மட்டீஸ் ஆகியோரின் படைப்புகள் ஒரு பல்கலைக்கழகத்தின் கைக்கு எப்படி வந்தன? வந்த பிறகு அவற்றால் என்ன நடந்தது? விவரம் அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி 1

தொழிலதிபர் பிரான்சிஸ்கோ மட்டராசோ சோப்ரின்யோ 1948-இல் அந்நகரில் நவீனக் கலை அருங்காட்சியகத்தை நிறுவினார். 1951-இல் ஈராண்டுக்கு ஒருமுறை நடக்கும் பியனாலே கண்காட்சி பிறந்ததும் அதன் மடியில்தான். அங்கே பரிசு பெற்ற படைப்புகள் பலவும் அதன் சேகரிப்பில் சேர்ந்தன. 1963-இல் அவர் அந்தச் சேகரிப்பைத் தம்முடையதோடு சேர்த்துப் பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டார். கட்டுரையில் இதைக் 'கொடை' என்ற ஒரே சொல்லில் கடந்துவிடாதீர்கள். சேகரிப்பை இழந்த பழைய அருங்காட்சியகத்தின் உறுப்பினர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பெயரைக் காப்பாற்றிக்கொண்டு, படைப்புகளை மீண்டும் முதலிலிருந்து திரட்டினார்கள்.

மறுமொழி 2

வரலாற்றின் உயிர்நாடி அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது என்பேன். பல்கலைக்கழக அருங்காட்சியகத்தின் முதல் இயக்குநரான கலை வரலாற்றாசிரியர் வால்டர் சனினி 1978 வரை பொறுப்பில் இருந்தார். அதாவது, 1964-இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்து, தணிக்கை இறுகிய ஆண்டுகள் முழுவதும். கையில் இருந்த புகழ்பெற்ற ஓவியங்களைக் காத்துக்கொண்டு அவர் சும்மா இருந்திருக்கலாம். அவரோ இளம் கலைஞர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டார். 1972-இல் நடந்த இளம் சமகாலக் கலைக் கண்காட்சியில் நடுவர் குழுவே கிடையாது. கூடத்தின் தரையை மனைகளைப் போலப் பிரித்து, குலுக்கல் முறையில் கலைஞர்களுக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் அங்கேயே வேலை செய்ததைப் பார்வையாளர்கள் அருகில் நின்று பார்த்தார்கள். 1974-இல் 'ப்ராஸ்பெக்டிவா' கண்காட்சிக்குப் பல நாடுகளிலிருந்து படைப்புகள் தபாலிலேயே வந்து சேர்ந்தன. விற்பனையையோ கூட்டத்தையோ நம்பி நடக்கும் ஓர் இடம் இத்தகைய சோதனைகளுக்கு எளிதில் துணிந்திராது.

மறுமொழி 3

சிற்பம் கற்பிப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சேர்க்கிறேன். இத்தாலியின் 20 சென்ட் யூரோ நாணயத்தைத் திருப்பிப் பாருங்கள்: கைகளற்ற ஓர் உருவம், தொடைத் தசைகள் காற்றில் அடிபட்ட துணியைப் போலப் பின்னோக்கி விரிய, முன்னோக்கி நடக்கும். இத்தாலியக் கலைஞர் உம்பெர்ட்டோ பொச்சியோனி 1913-இல் உருவாக்கிய சிற்பம் அது. அவர் 1916-இல் இறந்தபோது அது பிளாஸ்டரில் மட்டுமே இருந்தது. நியூயார்க்கிலும் லண்டனிலும் மக்கள் காணும் வெண்கல வார்ப்புகள் அனைத்தும் அவர் மறைவுக்குப் பிந்தியவை. அவர் கைபட்ட அந்தப் பிளாஸ்டர் சாவோ பாவ்லோவில், இந்த அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. வார்ப்பு எங்கே மூலத்திலிருந்து விலகுகிறது என்று மாணவர் ஒருவர் கேட்டால், ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய பொருள் அதுவே.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1972-இன் குலுக்கலிலிருந்தே கட்டுரையைத் தொடங்கப்போகிறேன். ஓர் ஐயம்: சேகரிப்பு இன்னும் பல்கலைக்கழக வளாகத்திலேயே இருக்கிறதா?

மறுமொழி 1

2012-இல் இபிராப்புவேரா பூங்காவை ஒட்டிய கட்டடத்துக்குத் தலைமையகம் மாறியது. ஆஸ்கார் நீமெயர் 1950-களில் வடிவமைத்த அக்கட்டடம், அதற்கு முன் நெடுங்காலம் மாநில மோட்டார் வாகனத் துறையின் அலுவலகமாக இருந்தது.