கானாவில் வீடு: கடனைக் குறைசொல்வதா, முன்வாடகையைக் குறைசொல்வதா?

கடலூர்க் கதிர்:
2021 கணக்கெடுப்புக்குப் பிறகு கானா அரசு சொல்லும் வீட்டுப் பற்றாக்குறை 18 லட்சம். எனக்குத் தெரிந்து முதல் காரணம் வட்டிதான். 2022 டிசம்பரில் அங்கே பணவீக்கம் 54 சதவீதத்தைத் தொட்டது, மத்திய வங்கியின் வட்டியே 27 சதவீதம். அந்த வட்டியில் இருபது வருடக் கடனை யார் வாங்குவார்கள்? ஓய்வூதியப் பணத்தில் ஒரு பகுதியைக் குறைந்த வட்டியில் வீட்டுக் கடனாகத் தரவேண்டும்.

ஆனந்தி:
யாருக்குக் கதிர்? சம்பளச் சீட்டு வைத்திருப்பவருக்கு. தலைநகர் அக்ராவின் சந்தையில் தக்காளி விற்பவருக்கும் ட்ரோட்ரோ வேன் ஓட்டுபவருக்கும் அந்தக் கடன் எட்டாது. அவர்களை நெரிப்பது முன்வாடகை. 1963 வாடகைச் சட்டப்படி ஆறு மாதத்துக்கு மேல் முன்பணம் கேட்கவே கூடாது. ஆனால் இரண்டு வருட வாடகையை மொத்தமாகக் கேட்பது அங்கே சர்வசாதாரணம். புதிதாக எதுவும் வேண்டாம், இருக்கிற சட்டத்தை அமல்படுத்தட்டும்.

கொத்தனார் மகன்:
அக்கா, சட்டத்தை நாளைக்கே இறுக்கினால் பாதி வீடுகள் அரைச்சுவரோடு நின்றுவிடும். அங்கே பெரும்பாலானோர் கையில் காசு வரும்போது கல் வாங்கி, பல வருடம் இழுத்துத்தான் கட்டுகிறார்கள். வங்கி தராத பணத்தை வாடகைக்கு வருபவரின் முன்பணம்தான் தருகிறது. கூரை போடுவதும் அதில்தான். சிமெண்டுக்கான மூலப்பொருளான கிளிங்கர் பெரும்பாலும் இறக்குமதி, கானா நாணயமான 'செடி'யின் மதிப்பு விழுந்தால் மூட்டை விலை ஏறும்.

கதிர், உங்கள் கடனுக்கும் ஒரு முட்டுக்கட்டை இருக்கிறது. சுமார் 80 சதவீத நிலம் பாரம்பரியத் தலைவர்களிடமும் குடும்பங்களிடமும் இருக்கிறது. ஒரே மனையை இரண்டு பேருக்கு விற்பதும், மனையைக் காக்க அடியாட்களை நிறுத்துவதும் நடக்கிறது. பத்திரம் உறுதியில்லாத மனையை எந்த வங்கி ஈடாக ஏற்கும்?

கடலூர்க் கதிர்:
அப்படியானால் அரசே கட்டட்டும்.

கொத்தனார் மகன்:
கட்டினார்களே. அக்ராவுக்கு அருகே சாக்லெமியில் 20 கோடி டாலர் திட்டம், 5,000 வீடுகள் என்றார்கள். எழும்பியது சுமார் 1,500. தண்ணீர், மின் இணைப்பு இல்லாமல் அவையும் வருடக்கணக்கில் காலியாகக் கிடந்தன. நினைத்தாலே வயிறு எரிகிறது.

ஆனந்தி:
தம்பி, முன்பணம்தான் வீட்டைக் கட்டுகிறது என்பது சரி. ஆனால் அந்தப் பணம் யாருடையது? குடியிருப்பவருடையது. வீட்டுக்காரர் போடவேண்டிய முதலீட்டை இவர் கடன் வாங்கித் தருகிறார். வட்டியும் இல்லை, பங்கும் இல்லை. இரண்டு வருடம் முடிந்ததும் வாடகையை உயர்த்தி, மறுபடி இரண்டு வருடம் கேட்கிறார்கள். 2023-ல் வந்த வாடகை உதவித் திட்டத்தில் அரசு முன்பணத்தைக் கட்டும், குடியிருப்பவர் மாதாமாதம் திருப்பித் தரவேண்டும். கடைசியில் சட்டத்துக்குப் புறம்பான தொகைக்கே அரசு துணை போகிறது.

கொத்தனார் மகன்:
அந்தப் பணத்தை வீட்டுக்காரருக்குச் சிறு கட்டுமானக் கடனாகக் கொடுக்கலாமே? கூரைக்கு ஒன்று, கழிப்பறைக்கு ஒன்று என்று. வாங்குபவர் ஆறு மாதத்துக்கு மேல் முன்வாடகை கேட்கக் கூடாது என்று எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனந்தி:
அதற்கு நான் சம்மதம். மீறினால் கடனைத் திரும்பப் பிடிக்கும் அதிகாரமும் வாடகைக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குத் தரவேண்டும்.

கடலூர்க் கதிர்:
வட்டி 2022-ல் போல மறுபடி 27 சதவீதமானால் அந்தச் சிறு கடனையும் யாரால் அடைக்க முடியும்? அதற்குப் பதில் சொல்லுங்கள்.