டேப் விசைக்கு என்ன பெயர்: தானியங்கு நிறைவா, சொல்நிரப்பா?

வணக்கம்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்துக்குக் கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் பிஎஸ்க்யூஎல் கருவியில், டேப் தட்டினால் பாதியில் நிற்கும் சொல் நிரம்புவதைத் "தானியங்கு நிறைவு" என்று சீராய்வுக் குறிப்புகளில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பேன். விசையைத் தட்டும்வரை அங்கே எதுவும் தானாக இயங்குவதில்லை. தரவுத்தளக்காரர் காதில் "நிறைவு" என்றால் கமிட், அதாவது மாற்றங்களை உறுதிசெய்து முடிப்பது, என்றுதான் விழும்.

"கடைநிரப்பு" என்றொரு பெயரும் இருக்கிறது. நீலம் "நீல்" என்று கடைசிப் பகுதி குறைந்து நிற்பதை இலக்கணத்தில் கடைக்குறை என்பார்கள். "செலெ" என்று பாதியில் நிற்கும் செலக்டுக்கும் அந்தப் பெயர் பொருந்துவதால் "கடைநிரப்பு" நல்ல முன்மொழிவுதான். ஆனால் ஃப்ரம் எழுதி, இடைவெளி விட்டு, டேப்பை இருமுறை தட்டினாலும் அட்டவணைப் பெயர்கள் வரிசையாக வருகின்றன. அங்கே குறைச்சொல்லே இல்லை. தவிர, ரங்கநாதன் தெருவில் கடைநிரப்பு என்றால் சரக்கு இறக்குகிறார்கள் என்றுதான் நினைப்பார்கள். ஆகவே சொல்நிரப்பு.

அதைவிட அவசரமாக வேண்டியவை மேட்சஸ், ஹெட்மேட்சஸ், டெயில்மேட்சஸ் மூன்றுக்குமான பெயர்கள். இதுவரை தட்டிய சொற்களைப் பார்த்து அடுத்து எதைக் காட்டுவது என்று தீர்மானிக்கும் விதிகளில், பிஎஸ்க்யூஎல்லின் நிரலில் இவை வருகின்றன. முழுப்பொருத்தம், தலைப்பொருத்தம், கடைப்பொருத்தம் என்று வைக்கலாம். முழுப்பொருத்தத்தில் கட்டளையின் முதல் சொல்லிலிருந்தே எல்லாம் ஒத்துவர வேண்டும். தலைப்பொருத்தம் கட்டளையின் தொடக்கச் சொற்களை மட்டும் பார்க்கும். கடைப்பொருத்தம் கர்சருக்கு முந்தைய சில சொற்களை மட்டும் பார்க்கும். வழு நுழைவது பெரும்பாலும் கடைப்பொருத்தத்தின் வழியாகத்தான். "செட்" என்ற ஒரே சொல்லுக்குக் கடைப்பொருத்தம் எழுதிவிட்டால், அப்டேட் கட்டளையின் நடுவில் வரும் செட்டுக்கும் அது பொருந்திவிடும். நெடுவரிசைப் பெயர் வரவேண்டிய இடத்தில் அமைப்பு மாறிகளின் பெயர்கள் வந்து நிற்கும். அதனால்தான் அந்த விதியில் அப்டேட்டை வெளிப்படையாக விலக்கியிருக்கிறார்கள். விதிகள் மேலிருந்து கீழாகப் பார்க்கப்படுகின்றன, முதலில் பொருந்தியதே வெல்லும். பொதுவான விதியை மேலே செருகும் ஒட்டு (நிரல் திருத்தம், பேட்ச்) வந்தால், கீழே எவை செத்துப்போகின்றன என்று பார்க்காமல் ஒப்புதல் தராதீர்கள்.

சோதிக்கும்போது இன்னொன்று. அட்டவணைப் பெயர்களுக்காகச் சொல்நிரப்பு வழங்கிக்கு (சர்வருக்கு) வினவல் அனுப்புகிறது. பிழையால் முறிந்த பரிவர்த்தனைக்குள் அந்த வினவல் தோற்கும். பெயர் எதுவும் வராது, பிழைச்செய்தியும் வராது. புது விதிதான் கெட்டது என்று முடிவுகட்டுமுன் ரோல்பேக் கொடுத்து அந்தப் பரிவர்த்தனையைக் கைவிட்டுப் பாருங்கள். பிகின் கொடுத்துப் புதுப் பரிவர்த்தனையைத் தொடங்கியபின் டேப் தட்டி வினவல் போய்விட்டால், செட் டிரான்சாக்‌ஷன் மூலம் தனிமை நிலையை (ஐசோலேஷன் லெவல்) மாற்றவும் முடியாது.

டேப் தட்டியதும் வரிசையில் வரும் ஒவ்வொரு சொல்லையும் குறிக்கும் கேண்டிடேட்டுக்குப் "பரிந்துரை" என்பதை நான் ஏற்கவில்லை. கருவி எதையும் பரிந்துரைப்பதில்லை, இருப்பதைக் காட்டுகிறது. "தகுசொல்" எப்படி?